காய்ச்சல் விட்ட நாள்

“காய்ச்சல் விட்டுடுச்சா?”

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் நம் தெருக்களில் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான். பால் வாங்கும் இடத்தில், பள்ளி வாசலில், குழாயடியில், வேலையிடத்துச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். “விட்டுடுச்சு” என்று பதில் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. “இனிமே பயம் இல்ல” என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அன்பால் கேட்கிற கேள்விதான். ஆனால் டெங்கு உலவும் காலத்தில் அந்த நிம்மதி தப்பான நாளில் வருகிறது.

எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை. அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மாவுக்கு ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தையல் வேலை. ஞாயிறு இரவு குழந்தைக்கு உடம்பு சுட்டது. திங்கள் காலை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மருந்து. செவ்வாய் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. புதனும் அனல்தான். வியாழன் காலை அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. நான்கு இரவு தூங்காத முகத்தில் சிரிப்பு வந்தது. மூன்று நாள் சம்பளம் ஏற்கெனவே போயிருந்தது. “கஞ்சி குடுங்க அத்தை, தூங்கட்டும்” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

குழந்தை தூங்கியது. பகல் முழுக்கத் தூங்கியது. நாலு நாள் அசதி என்று பாட்டி நினைத்தார். யாரானாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மாலை நான்கு மணி வாக்கில், பக்கத்து வீட்டில் பூக்கட்டும் அக்கா எட்டிப் பார்த்தபோது, குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. மதியத்துக்கு மேல் இரண்டு தடவை வாந்தி. “ஒண்ணுக்குப் போச்சா?” என்று கேட்டார். “காலையில போனதுதான்.” அக்கா குழந்தையின் பாதத்தைத் தொட்டார். ஈரமாக, பானைத் தண்ணீர்போலச் சில்லிட்டு இருந்தது. அவருடைய அண்ணன் மகனுக்கு முந்தின வருடம் இப்படித்தான் ஆனதாம். கட்டிய பூவை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். அரசு மருத்துவமனையில் சலைன் ஏற்றி, இரண்டு நாள் மணிக்கொரு தடவை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, குழந்தையைத் திருப்பித் தந்தார்கள். “இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா…” என்று பணியில் இருந்த மருத்துவர் ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாவை ஒரு சொல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததையெல்லாம் செய்தார். காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் பிள்ளையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அந்த நான்கு நாளில் ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. மருந்துக் கடையில் சொல்லவில்லை. ஊசி போட்டவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லப் போனபோது அங்கேயும் சொல்லவில்லை. தெருவில் தினமும் பார்த்து விசாரித்த நானும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் காய்ச்சலை ஒரு தாயின் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஊரே விலகி நிற்கிறது. இதை நாம் மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்குப் பெரிய செலவும் இல்லை.

டெங்குவின் போக்கே வேறு. முதல் இரண்டு மூன்று நாள் உடம்பு கொதிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறித்துப்போட்டது போன்ற வலி. பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அதோடு நோய் விலகிவிடும். சிலருக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். வாய்க்காலில் உடைப்பெடுத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதல்லவா, அதே கதைதான். நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் நீர் சேரும். குழாய்க்குள் இருக்கும் ரத்தம் கெட்டிப்படும். கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், கடைசியில் ரத்த அழுத்தம் சரியும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிறகு உடம்பே அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டு நாளை அளவறிந்து திரவம் கொடுத்துக் கடத்திவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். டெங்கு வைரஸை நேரடியாக ஒழிக்கும் மருந்து எதுவும் நம் மருத்துவமனைகளில் இல்லை. நேரத்தில் வந்து சேர்வதுதான் மருந்து.

ஆனால் நம் ஊர்ப் பேச்செல்லாம் ‘கவுன்ட்’ பற்றித்தான். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனதும் குடும்பமே நிலைகுலைகிறது. பப்பாளி இலைச் சாற்றுக்கு ஓடுகிறோம், தட்டணு கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறோம். ரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எண்ணிக்கை நன்றாக இருக்கும் பிள்ளை சோர்ந்து, சில்லிட்டுக் கிடந்தால் அதுதான் அவசரம். எண் குறைந்தும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் பிள்ளைக்கு மருத்துவரின் கண்காணிப்பு போதும். தாளில் இருக்கும் எண்ணைவிடப் பாயில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கப் பழக வேண்டும்.

அப்படியானால் வீட்டில் என்ன பார்ப்பது? முதலில், நாளைக் குறிப்பது. தினசரி காலண்டர் இல்லாத வீடு இல்லை. காய்ச்சல் தொடங்கிய அன்றைய தாளைக் கிழித்து எறியாமல், அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பியுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு டிகிரி, எப்போது என்ன மருந்து, என்ன குடித்தது, எப்போது சிறுநீர் போனது. இந்த நான்கும் இருந்தால் போதும். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும் தாயிடம் “எத்தனை நாளா காய்ச்சல்?” என்று கேட்டால், பதற்றத்தில் “மூணு… நாலு நாளா இருக்கும்” என்றுதான் வரும். மூன்றா நான்கா ஐந்தா என்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்ற ஒரு வரி, மருத்துவருக்குப் பத்துக் கேள்விகளின் நேரத்தை மிச்சப்படுத்தும்.

காய்ச்சலை அளக்கக் கை போதாது. தன் கை சில்லென்றிருந்தால் பிள்ளையின் நெற்றி சுடும். தன் கை சூடாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். நூறு, இருநூறு ரூபாய்க்கு டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கிறது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்காக எண்ணைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். கிருமியை எதிர்கொள்ள உடம்பு தானே கூட்டிக்கொள்ளும் வெப்பம்தான் காய்ச்சல். 103 டிகிரியில் விளையாடும் பிள்ளையும் உண்டு, 100 டிகிரியில் கண் திறக்காமல் கிடக்கும் பிள்ளையும் உண்டு. இரண்டாவது பிள்ளைக்குத்தான் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

மருந்து என்று வந்தால் பாராசிட்டமால் ஒன்றே போதும். குழந்தைக்குக் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி. நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல படிப்புப் படித்த வீடுகளிலும் இது தவறிப்போகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். அதே பெயரில் வரும் இன்னொரு சிரப்பில் 5 மில்லிக்கு 250. பெட்டிகளைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெரிய குழந்தைக்குக் கொடுத்த பழக்கத்தில் பத்துக் கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். அந்த எடைக்கு உரியதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு; வேளைதோறும் அப்படியே கொடுத்தால் ஈரலைக் கெடுக்கும். தலைகீழாகச் சிரப்பை 1 மில்லி கொடுத்துவிட்டு “எதுக்கும் காய்ச்சல் இறங்கல” என்று அழுகிற வீடும் உண்டு. மருந்துக் கடைக்காரர் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது “பிள்ளை எத்தனை கிலோ?” என்று கேட்டு, அதன் மேல் பேனாவால் அளவை எழுதித் தருவதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாதா? அரை நிமிட வேலை அது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது தாண்டக் கூடாத எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு. நான்கே போதும். ஈரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும், மருத்துவரைக் கேட்டு. டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் கூடாது; ரத்தக் கசிவைத் தூண்டும். இவை தனியாக வருவதில்லை என்பதுதான் தொல்லை. அட்டையில் பாராசிட்டமால் என்று படித்துத் திருப்தியாகிவிடுகிறோம். பக்கத்திலேயே ‘அசெக்ளோஃபெனாக்’ என்றோ ‘மெஃபனமிக்’ என்றோ சேர்ந்திருக்கும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல், முதல் நாளே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

குடிக்கக் கொடுப்பதில் நம் பாட்டிமார்களின் கை சரியானது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், பார்லி தண்ணீர், இளநீர், மோர், ரசம், ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் நல்லவை. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுப்பதைவிட உப்பும் சர்க்கரையும் கலந்த திரவம் மேல். வாந்தி வந்தால் டம்ளரை வைத்துவிட்டு ஸ்பூனை எடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். குளிர் நடுங்கும்போது ஒரு போர்வை போதும். நடுக்கம் நின்ற பிறகும் கம்பளியால் மூடி, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தினால் சூடு வெளியே போக வழியில்லை. ஐஸ் தண்ணீரும் ஓடிகொலோனும் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி போதும். நிலவேம்புக் குடிநீர் குடிக்கும் வீடுகளோடு எனக்குச் சண்டை இல்லை. டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசே அதைக் கொடுத்தது. குடித்துவிட்டோம், இனி மருத்துவமனை வேண்டாம் என்ற தைரியத்தை மட்டும் அந்தக் கசப்பிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தார் போலக் கறுத்த மலம், வழக்கத்துக்கு மீறிய மாதவிடாய்ப் போக்கு, இனம் புரியாத அமைதியின்மை, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு வாங்குவது, கை கால் சில்லிட்டு வியர்ப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கும் நேரமல்ல. 108-ஐ அழைக்கலாம். குழப்பமாக இருந்தால் 104-இல் ஆலோசனை கேட்கலாம். இந்த அறிகுறி எதுவுமே இல்லாவிட்டாலும், மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்து ரத்தம் பரிசோதித்துவிட வேண்டும். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மூன்று நாள் கணக்கே பார்க்கக் கூடாது. முதல் நாளே போய்விட வேண்டும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தையின் கதை தனி. அதற்கு 100.4 டிகிரி வந்தாலே மருத்துவமனைதான், வீட்டில் ஒரு சொட்டு மருந்தும் கூடாது. பச்சைக் குழந்தைக்கு நோய்த்தொற்று வந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். பால் குடிக்காமல் துவளும் குழந்தையைப் பார்த்து “உரம் விழுந்திருக்கும்”, “தோஷம் தட்டியிருக்கும்” என்று சொல்லும் பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் உரம் எடுக்க ஆள் தேடிப் போன அந்தப் பகல் பொழுதை யாராலும் திருப்பித் தர முடியாது. வீட்டின் மூத்த பெண்மணி “முதல்ல டாக்டர்கிட்ட போவோம், மத்ததெல்லாம் அப்புறம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் இளம் தாய்க்குக் கதவு திறந்துவிடும். மருமகள் சொல்லி நடக்காதது மாமியார் சொன்னால் நடக்கும்.

வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்கு நேர்மாறு. தொற்று முற்றியிருந்தாலும் உடம்பு சுடாமலே இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறினால், சாப்பாட்டை ஒதுக்கினால், நடக்கும்போது தள்ளாடி விழுந்தால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடக் கூடாது. இன்னொன்று, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்ப்பவர் உயிர் போய்விடும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் பல்லுக்கிடையில் ஸ்பூன் வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ். முதல் தடவை வந்த வலிப்பானால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

டெங்கு டெங்கு என்று பேசிப் பேசி மற்ற காய்ச்சல்களைத் தவறவிடுவதும் நடக்கிறது. மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை வட்டாரங்கள் உட்படத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உண்ணிக்காய்ச்சல் வருகிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் கடி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம் என்று மறைவிடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. கூச்சத்தில் யாரும் காட்டுவதில்லை, அவசரத்தில் யாரும் தேடுவதில்லை. கண்டுபிடித்துவிட்டால் சில ரூபாய் விலையுள்ள டாக்ஸிசைக்ளின் மாத்திரை கேட்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். ஆடு மாடு மேய்ப்பவர், புல் அறுப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். வெள்ளநீரில் நடந்து வந்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். “எங்க வேலை பாத்தீங்க, எந்தத் தண்ணியில நின்னீங்க?” என்று கேட்க மருத்துவருக்கு நேரம் இருக்க வேண்டும். வரிசையில் இருநூறு பேர் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் அந்த நேரம் இருக்காது என்பது நமக்குத் தெரியும். அது அந்த மருத்துவரின் குற்றமும் அல்ல. காய்ச்சல் காலத்தில் ஆட்களைக் கூட்டித் தருவது அரசின் கடமை.

மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் கேட்க எனக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. “ஊசி போட்டாத்தான் விடும்” என்று நாம் வற்புறுத்துகிறோம், அவர்கள் போட்டுவிடுகிறார்கள். காய்ச்சலுக்கு ஊசி அவசியம் இல்லை; டெங்குவில் தசையில் குத்தும் ஊசி ரத்தக் கட்டையே உண்டாக்கலாம். அதேபோலக் கடையில் கவரில் போட்டுத் தரும் நான்கு மாத்திரைகளில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காக இருக்கும், சில நேரம் ஒன்று ஸ்டீராய்டாகவும் இருக்கும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி, நோயை நம் கண்ணிலிருந்து மறைக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பற்றி 2012-இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. அதற்கு நம் ஊரின் பெயரே வைக்கப்பட்டது, சென்னைப் பிரகடனம். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட பல ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறது. நாமும் கேட்காமல் இருக்க வேண்டும், அவர்களும் கொடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கை எளியது. மருத்துவச் சீட்டின் மேலே, காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதுங்கள். கீழே, “இந்தந்த நாளில் காய்ச்சல் விட்டாலும் கவனமாகப் பாருங்கள்” என்று இரண்டு தேதிகளைக் குறித்துக் கொடுங்கள். தமிழில்.

இனி ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வருகிறேன். 2017-இல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு, கொசுப்புழு கண்ட வீடுகளுக்கு அபராதம் போட்டார்கள். ஆட்டுக்கல் குழியிலும், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டிலும், மாடியில் கிடக்கும் டயரிலும் தேங்கும் தண்ணீருக்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்கத்தான் வேண்டும்; வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இடம் இல்லை. தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் இதையும் பாருங்கள்: முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. வாரத்துக்கு ஒருமுறை, எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் மக்கள் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? கழுவி ஊற்று என்றால் எதைக் குடிப்பார்கள்? அந்தக் கொசுவில் பாதி, குடிநீர் அட்டவணை வளர்த்த கொசு. தண்ணீரை அடிக்கடி விடுங்கள், டிரம்முக்கு மூடி கொடுங்கள், பிறகு அபராதம் பற்றிப் பேசலாம். இந்தியாவிலேயே முதன்முதலில் பொதுச் சுகாதாரத்துக்கென்று முழுமையான சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான், 1939-இல். கொசு ஒழிப்பு அதில் அப்போதே இருந்தது. வீடு வீடாகப் படியேறி டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் பணியாளர்களில் பெரும்பாலோர் இன்றும் தற்காலிகத் தினக்கூலிகள். அவர்களைக் கேட்டிலேயே நிறுத்தி “எங்க வீட்ல எல்லாம் சுத்தம்” என்று திருப்பி அனுப்புகிற நாமும் அந்தச் சட்டத்தின் மறுபக்கம்தான். ஏடிஸ் அதிகத் தொலைவு பறக்காது. என் வீட்டுப் பிள்ளையைக் கடித்தது என் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததுதான்.

வேலை கொடுப்பவர்களை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை; நான் சேர்க்கிறேன். இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்கு நோய் வந்தால் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வழி உண்டு. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வழி இல்லை. சம்பளம் பிடித்தம்தான். காய்ச்சல் விட்ட நாளில் தாய் வேலைக்குக் கிளம்புவது அலட்சியத்தால் அல்ல, வாடகை தேதியால். மழைக்கால மூன்று மாதத்தில், பிள்ளையின் காய்ச்சலுக்காக இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தால், அது மருத்துவமனை வார்டில் ஒரு கட்டிலை மிச்சப்படுத்தும். பள்ளிகள் முழு வருகைப் பரிசை நிறுத்தலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து வகுப்புக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். பதினோரு மணிக்கு டெஸ்கில் தலை சாயும் பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது டைரியில் “இன்று காய்ச்சல், முதல் நாள்” என்று தேதி போட்டு எழுதி அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

எங்கள் தெருப் பெண் குழந்தை இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள். போன மழைக்கு எதிர்வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். ஒரு மாலை அவனை வாசல் திண்ணையில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அந்த அம்மா, டிபன் பையைக்கூட இறக்கி வைக்காமல் அங்கே நின்றார். விட்டுடுச்சா என்று அவர் கேட்கவில்லை. “எத்தனாவது நாள் இன்னைக்கு? ஒண்ணுக்கு எப்பப் போனான்?” என்று கேட்டுக்கொண்டே குனிந்து, பையனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.